பறக்காத நாற்பத்தொரு மணி நேரம்

பிற்பகல் நாலு ஐம்பதுக்கு அது தொடங்கியது. அந்த நிமிடத்தில் நான் நேரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரத்துக்கு வெளியே ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மாதிரிகளை வைக்கும் குளிரறையின் கதவில் ஒரு தாள் மாட்டியிருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்து, பார்த்த நேரம், பார்த்த அளவு, பார்த்தவரின் கையெழுத்து மூன்றையும் அதில் எழுத வேண்டும். நாலரைக்குப் பார்க்க வேண்டியதை நாலு ஐம்பதுக்குப் பார்த்தால் நாலு ஐம்பது என்றே எழுத வேண்டும். தாமதமானதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நாலரை என்று எழுதினால் சுளிப்பார்கள். வந்த புதிதில் இங்கே எத்தனையோ விசித்திரங்கள். வெறுங்காலோடு கடைக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக்கூடச் சீக்கிரம் பழகிவிட்டேன். இந்தத் தாளுக்குப் பழக இரண்டு வருடம் ஆனது.

பேனா தாளில் இருக்கும்போதே கைபேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து என் மகள் நிவேதா. அங்கே காலை பத்து இருபது. அந்த நேரத்தில் அவள் ஏதாவது ஒரு விமானத்துக்குள் இருக்க வேண்டும். என்னைக் கூப்பிடக் கூடாது. பதறிக்கொண்டு எடுத்தேன்.

"அம்மா, மாமாகிட்ட என்ன சொல்லி வெச்சீங்க?"

சாப்பிட்டீங்களா இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை.

"எதைக் கண்ணு?"

"என்னைப் பத்தி. ஸ்கூல்ல சொல்லச் சொல்லி என்ன சொன்னீங்கன்னு கேக்கறேன். நான் நாப்பத்தியோரு மணி நேரம் தனியாப் பறந்ததா அவங்க ரிஜிஸ்டர்ல எழுதியிருக்குது. என்ற லாக்புக்லயும் அப்படியே பாத்து எழுதிக்கச் சொல்றாங்க. நான் அதுல ஒரு நிமிஷங்கூடப் பறக்கல. ஏன் இப்படின்னு கேட்டா, உங்க ஊட்ல சொன்னதுதானுங்களேங்கறாங்க."

நான் சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

நிவேதா பல் மருத்துவர். எட்டு வருடத்துக்கு முன் நானும் என் கணவரும் இங்கே கிளம்பியபோது அவள் கோயம்புத்தூரில் பல் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டு வர அவளுக்கு மனமில்லை. என் அண்ணன் நடராஜ் வீட்டில் தங்கிப் படித்து முடித்தாள். பிறகு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் கடைவாய்ப்பல் வலியோடு அங்கே வந்தவர் ஒரு விமானி. பல்லைப் பிடுங்கி எத்தனை நாளில் நான் பறக்கலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அடைத்த பல்லுக்குள் இருக்கும் துளிக் காற்று விரியும், உயிர் போகிற வலி வலிக்கும் என்பதை அன்று அவள் புத்தகத்தில் தேடிப் படித்தாள். பல்லுக்காகப் படிக்க ஆரம்பித்தவள், பல்லை விட்டுவிட்டு உயரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டே போனாள். இருபத்தேழு வயதில் கிளினிக்கை விட்டுவிட்டு, கோவையிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அந்தப் பள்ளியின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. பெரிய விமானக் கம்பெனி ஒன்றில் பைலட் ஆக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. "வாயைத் திறங்க, கொப்புளிங்க, துப்புங்க. இன்னும் முப்பது வருஷம் இதேவாம்மா?" என்றாள். இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு முறை சொல்லிவிட்டு வந்த பிறகும் விமான விபத்துச் செய்திகளைத் தேடிப் படித்தேன்.

பைலட் லைசென்ஸுக்கு, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அவள் தனியாகப் பறக்கத் தொடங்கும் நேரத்தில் வைகாசி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் அடிக்கும் காற்றை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரக் கொட்டகையைத் தூக்கி அடுத்த தோட்டத்தில் போடுகிற காற்று. அவள் அனுப்பிய படத்தில் அந்த இரண்டு இருக்கை விமானம் எனக்கு அந்தத் தகரக் கொட்டகையை விடச் சின்னதாகத் தெரிந்தது. அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று தெரியும். அண்ணனைக் கூப்பிட்டேன். கணபதியில் பம்புக்கான இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறவர். கோவையில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. அந்தப் பள்ளியின் மேலாளர்கூட அண்ணன் சம்பந்திக்குச் சொந்தம்.

"ஏனுங்ணா, காத்துக் காலம் முடியற வரைக்கும் புள்ளையத் தனியா உட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்ணா. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"இதுக்குப் போயி அழுவுறயா? சொல்லிப்போட்டேன்னு நெனச்சுக்க கண்ணு."

பள்ளி வேன் ஓட்டுநரிடம், விடுதிக் காப்பாளரிடம், பேருந்து நடத்துநரிடம் நாம் காலங்காலமாகச் சொல்லி வைப்பதைத்தான் சொல்லி வைத்தேன். அன்று மாலை நிம்மதியாகச் சமைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கைபேசியை வைத்த பிறகு குளிரறை வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை, கூடத்தின் மேற்பார்வையாளர் ஹெலன் உட்கார வைத்தார். அறுபதை நெருங்கும், அதிகம் பேசாத பெண்மணி. நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என்னால் என் மகளின் பதிவேடு பொய்யாகிவிட்டது என்றேன். நீ அதில் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டார். இல்லை. எழுதச் சொன்னாயா? இல்லை, பார்த்துக்கொள்ளச் சொன்னேன், அதுவும் என் அண்ணனிடம். ஹெலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கவனமாக இருக்கச் சொன்னால் அவர்கள் ஏன் பொய் எழுதுகிறார்கள்? உன் மேல் தவறே இல்லையே" என்றார். அவருக்கு நான் என்னத்தை விளக்குவது? எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் எழுதாமல் விட்ட கட்டத்தில் அவர் போய்ப் பார்த்து அவர் பெயரை எழுதினார்.

அதே ஹெலன் ஒருமுறை என்னால் வெளிறிப் போயிருக்கிறார். நான் சேர்ந்த முதல் வருடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், சனிக்கிழமைக்கான கட்டங்களையும் நானே நிரப்பிவிட்டேன். நாளைக்கும் என் முறைதான், குளிரறை எப்போதும் நான்கு டிகிரியில்தான் இருக்கிறது, இதில் என்ன? திங்கட்கிழமை ஹெலன் அந்தத் தாளோடு வந்து, "சனிக்கிழமை வெப்பநிலை வெள்ளிக்கிழமையே உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். என் முன்யோசனையைப் பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, "எப்போதுமே நான்குதானே" என்றேன். அந்த வாரத்து மாதிரிகள் அத்தனையையும் அன்று கொட்டினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பாலைக் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, இவர்களுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன்.

நான்கு நாளில் கோயம்புத்தூரில் இறங்கினேன். அண்ணன் வந்து அழைத்துப் போனார். அண்ணி பணியாரம் சுட்டு வைத்திருந்தார். அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், என்ன நடந்தது என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நடந்தது என்ன கண்ணு, நீ சொன்னே, நான் சொன்னேன், அவன் செஞ்சுபோட்டான். புள்ளையும் பத்திரமா இருக்குது, மணி நேரமும் முடிஞ்சுபோச்சு. இதுல ஒருத்தருக்கும் நட்டமில்ல. அவ என்னடான்னா, வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கறா. பல்லுப் புடுங்கறவளுக்கு இத்தனை வீராப்பு ஆகாது."

"ஏனுங்க, புள்ளை சொல்றதுல ஒரு ஞாயம் இருக்குதுல்லீங்க" என்றார் அண்ணி.

"உனக்கு ஏரோப்ளேனைப் பத்தி என்ன தெரியும்? பணியாரத்தை வெய்யி."

நானும் இரண்டு பணியாரம் வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்குப் போனேன். சுற்றிலும் சோளக்காடு, நடுவே ஒரு ஓடுபாதை, ஓரமாக விமானங்களை நிறுத்தும் பெரிய கொட்டகை. மேலாளரின் அறையில் குளிர்சாதனமும் ஊதுவத்தி மணமும். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் சந்தனம், இஸ்திரி கலையாத சட்டை. எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க வாங்க அம்மணி. நியூசிலாந்துங்களா? பயணமெல்லாஞ் சௌகரியமுங்களா? அங்க இப்ப குளிருங்களாமா?"

என் மகள் பறக்காத நேரத்தை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"நாங்களா எழுதலீங்களே. நடராஜண்ணன் போன் பண்ணுனாருங்க. காத்துக் காலம், புள்ளையத் தனியா உடாதீங்க, தங்கச்சி வெளிநாட்டுல அழுதுட்டுக் கெடக்குதுன்னாருங்க. செரீன்னு நாங்களும் உடலீங்க. அப்பறமேட்டு ஒரு மாசங் கழிச்சு மறுக்காப் பேசுனாருங்க. புள்ளைக்கு லைசென்ஸு தள்ளிப் போகுதாமா, தங்கச்சி கேக்குது, எப்பங்க முடியும்னாருங்க. தனியாவும் உடப்படாது, நேரத்துக்கும் முடியோணும். நீங்களே சொல்லுங்க அம்மணி, எழுதாம என்னங்க பண்றது?"

உண்மை. இரண்டாவது கேள்வியையும் அண்ணன் வழியாகக் கேட்டது நான்தான். என் இரண்டு ஆசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் பொய்யைத் தவிர வேறெதுவும் நுழைய இடமில்லை என்பதை இந்த மனிதர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு காலத்தில் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்திய எனக்கு மூன்று மாதம் புரியவில்லை.

"இன்ஜின் ஓடின நேரத்தைக் காட்ட விமானத்துக்குள்ள மீட்டர் இருக்குமே?" என்றேன். குறை சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"அதுல எல்லாம் நாங்க சுத்தமுங்க. விமானத்தைக் கட்டிப்போட்டு, நெசமாவே இன்ஜினை ஓட உட்டிருக்கறமுங்க. ஒரு நிமிஷங் கொறையாதுங்க. எவன் வந்து பாத்தாலும் செரியா இருக்கும்."

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் தரையோடு கட்டி, ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்காக இன்ஜினை உறும விட்டிருக்கிறார்கள். நிவேதா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த நேரத்தில்தான் பதிவேட்டில் அவள் கோவைக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தாள்.

எத்தனை "ங்க" போட்டு அவர் பேசினார் என்று எண்ணினால் தலை சுற்றும். அயல்நாட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் இந்தப் பேச்சுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். நம் பக்கத்து மரியாதையைப் போல உலகில் எங்கும் இல்லை என்று மற்ற ஊர்க்காரர்களிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அன்று அந்த மரியாதை என் மேல் எண்ணெய் போல வழிந்தது. மேசையில் இளநீர் வந்தது. குடிக்காமல் எழுந்தால் அவமரியாதை. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவரை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. கிளம்பி வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். ரெக்கார்டு நோட்டு என்றால் என்னவென்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். வர வேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயில் பார்த்ததாக அளவுகளை நிரப்புவார்கள். இருபது மில்லிக்கு இருபது புள்ளி ஒன்று, இருபது புள்ளி பூஜ்யம், மறுபடி இருபது புள்ளி ஒன்று. சந்தேகம் வராமல் இருக்கச் சின்ன வித்தியாசம் வைக்கவும் பிள்ளைகளுக்குத் தெரியும். நானும் மாணவியாக அப்படித்தான் எழுதினேன், ஆசிரியையாகச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை ஒரு மாணவி நிஜமாகவே சோதனை செய்து, தப்பான அளவு வந்ததை அப்படியே எழுதிக் கொண்டுவந்தாள். "வெளித்தேர்வாளர் வர்றப்ப இப்படி வெச்சா அசிங்கமா இருக்கும்மா, மாத்திக் கொண்டா" என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில் இல்லை. அசிங்கம் என்று நான் சொன்ன சொல் மட்டும் நினைவிருக்கிறது.

பள்ளிக்குப் பக்கத்து ஊரில் ஒரு வாடகை அறையில் நிவேதா இருந்தாள். மூன்று மாதத்தில் மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள். விமானப் போக்குவரத்துத் துறைக்குப் புகார் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். பதிவேட்டில் அவள் பறந்ததாக எழுதியிருந்த நாள்களில், கட்டிப்போட்ட விமானத்தைப் பின்னணியில் வைத்து அவளும் தோழிகளும் விளையாட்டாக எடுத்த படங்கள் இருந்தன. அவற்றையும் அனுப்பியிருந்தாள். விசாரணை முடியும்வரை பள்ளியில் எல்லோருக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் பேசுவதில்லை. "நீ உத்தமியாகறதுக்கு எங்க வருஷம் போகோணுமா?" என்று ஒருத்தி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

"பேசாம இருந்திருந்தா என்ன கண்ணு? அப்பறமா நாப்பத்தியோரு மணி நேரம் பறந்து ஈடு கட்டிக்கலாமே" என்றேன். சொல்லும்போதே அது யார் பேசுகிற பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

அவள் எரிச்சல்கூடப் படவில்லை. "அம்மா, நான் பிடுங்காத பல்லைப் பிடுங்கினேன்னு கேஸ் ஷீட்ல எழுதினா, பேஷன்ட் வாய்ல பல்லு இருக்கும். திறந்தாத் தெரிஞ்சிரும். இது தெரியாது. நூத்தியெம்பது பேரைப் பின்னாடி உக்கார வெச்சிட்டு நான் மேல இருக்கறப்பத்தான் தெரியும்."

பிறகுதான் உண்மையான ஆபத்தைச் சொன்னாள். பள்ளி பதில் எழுதியிருக்கிறது: அந்தப் பதிவுகளைச் செய்யச் சொல்லிக் கேட்டதே நிவேதாதான், குடும்பத்தில் தகராறு வந்ததும் மாற்றிப் பேசுகிறாள் என்று. அதை அதிகாரிகள் நம்பினால் பொய்ப் பதிவு செய்தவள் அவளாகிவிடுவாள். அதன்பின் இந்த நாட்டில் எந்த விமானத்திலும் அவள் கை வைக்க முடியாது. இருபத்தெட்டு வயதில் பல்லையும் விட்டு வானத்தையும் விட்டு நிற்பாள். கேட்டது யார், யார் வழியாகக் கேட்டது, எப்போது கேட்டது என்று நான் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அவள் தப்பிப்பாள்.

அன்றே எழுதினேன். "என் உறவினர் ஒருவர் மூலமாக" என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எந்த உறவினர்? எந்தப் பல்லுன்னு எழுதாத சீட்டை வெச்சிட்டு எதைம்மா பிடுங்கறது?"

அண்ணன் பெயரை எழுதுவதற்கு முன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று போனேன். பவுண்டரி அலுவலகத்தில் இருந்தார். சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"என்ற பேரை எழுதுவியா?"

"ஆமாங்ணா."

"எட்டு வருஷம் உன்ற புள்ளைய என்ற புள்ளையாட்டம் வெச்சிருந்தனே. காய்ச்சல்னா நான் தூக்கிட்டு ஓடுனேன். நீ அங்க ஏசி ரூம்ல பாலுக்குக் காய்ச்சல் பாத்துட்டு இருந்தே. ஒரு வார்த்தை சொல்லி வைங்ணான்னு அழுதது நீ. இப்பக் கடுதாசியில குத்தவாளி நானா?"

"என் பேரைத்தாங்ணா முதல்ல எழுதறேன்."

"உனக்கென்ன, எழுதிப்போட்டுப் பிளேன் ஏறிருவே. நான் இந்த ஊர்லதான மொகத்தை வெச்சிட்டு நடக்கோணும்?" குரல் இறங்கியது. "இத பாரு. விசாரிக்க வர்றது யாருன்னு நான் கேட்டு வெக்கறேன். ஆளு தெரிஞ்சா ஒரு வார்த்தைல முடியற காரியம். லெட்டரு கிட்டரெல்லாம் வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் எனக்குத் தாங்க முடியாதது. என் மகளின் மேல் உயிரையே வைத்திருக்கிற தாய்மாமன், அவளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறார். அந்த வழியில் நடந்துதான் நானும் ஒரு காலத்தில் கல்லூரி வேலை வாங்கினேன், மின் இணைப்பு வாங்கினேன், மருத்துவமனையில் அம்மாவுக்குப் படுக்கை வாங்கினேன். வரிசையில் நிற்பதை அவமானமாக நினைத்தவள் நான். எழுந்து வந்துவிட்டேன். கடிதத்தில் அவர் பெயரை முழுதாக, தந்தை பெயரோடு எழுதினேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட மட்டும் அண்ணி கூப்பிட்டார்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் இரண்டு முறை தள்ளிப் போனது. நான் விடுப்பை நீட்டித்தேன். ஹெலன் எழுதிய பதிலில், எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றும், உன் மகள் பத்திரமாகப் பறக்கிறாளா என்றும் இருந்தது. பறக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அவர் அதைக் காற்றினால் என்று புரிந்துகொண்டு, வானிலை சீக்கிரம் சரியாகட்டும் என்று வாழ்த்தினார்.

மூன்றாவது முறை சொன்ன நாளில், காலை பதினொரு மணிக்கு அதிகாரி வாடகைக் காரில் பள்ளி வாசலில் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து வந்த பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் துணிப்பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். மேலாளர் கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். அவர் நீட்டிய இளநீரை அதிகாரி வேண்டாம் என்றார். நிவேதாவை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். நான் வெளிக் கதவருகே நின்றேன்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் அண்ணனின் கார் நின்றிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு பேசாவிட்டாலும் அவர் வராமல் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் அந்த அறை, உள்ளே என் மகளும் என் கடிதமும். இன்னொரு பக்கம் அந்தக் கார். நான் இரண்டுக்கும் நடுவே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் திறந்து கிடந்த இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. அண்ணன் எப்படியும் இந்த அதிகாரியிடம் பேசியிருப்பார். ஆள் யார் என்று விசாரித்து, யாரையாவது பிடித்து, ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் பல நாளாக இறுகியிருந்த என் நெஞ்சு சட்டென்று லேசானது. நிம்மதி. என் கையால் எழுதிய கடிதம் உள்ளே இருக்கும்போதே வந்த நிம்மதி. ஊரில் எல்லோரையும் பார்த்து இத்தனை நாள் நான் பட்ட அருவருப்பெல்லாம் அந்த ஒரு நொடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எட்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேனே, எந்தப் பாதி அங்கே போனது, எந்தப் பாதி இங்கிருந்து கிளம்பவே இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு மணிக்கு அறைக் கதவு திறந்தது. நிவேதா முதலில் வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் நிமிர்ந்து நடந்தாள். பின்னால் வந்த அதிகாரி என் முன்னால் நின்றார்.

"நீங்கதான் அம்மாவா? உங்க கடிதத்தை ஃபைல்ல சேர்த்துட்டேன். அந்த நாப்பத்தியோரு மணி நேரத்தையும் எடுத்துடச் சொல்லி எழுதியிருக்கேன். உங்க பொண்ணு மேல தப்பில்லைன்னும் எழுதியிருக்கேன். வேற இடத்துல சேர்ந்து அவங்க அதைத் தனியாப் பறந்துதான் ஆகணும். காத்தடிச்சாலும்."

துணிப்பையைத் தோளில் சரி செய்துகொண்டு, வேப்பமரத்தடியில் நின்ற காரைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் நேத்து எனக்கு ஃபோன் பண்ணார். நம்ம பொண்ணு, பாத்துக்கங்கன்னார். அதையும் எழுதியிருக்கேன்."